ரெங்கம் தோட்டத்துக் குடும்பம் (குழு, ஜொகூர், மலேசியா)

கமலா அக்கா: ஞாயிறு அப்பாவுக்கு 16ஆம் நாள் கருமக்கிரியை. ஐயர் 10 மணிக்கு கூலாய் வீட்டுக்கு வந்துவிடுவார். ரெங்கத்திலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள்?

குமரன்: 9

கமலா அக்கா: அன்றைக்கும் இதையேதான் சொன்னாய்.

லட்சுமி சித்தி: அன்றைக்கு இரண்டு மணி நேரம் மாலையை மடியில் வைத்துக்கொண்டு வேனில் உட்கார்ந்திருந்தேன். வாழைநாரின் ஈரம்கூடக் காய்ந்துவிட்டது. வாசலில் இறங்கினால், உன் அப்பாவை மின்சுடலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

கமலா அக்கா: ஐயர் குறித்த நேரம் சித்தி. எத்தனை முறை சொல்வது?

லட்சுமி சித்தி: நான் ஒன்றும் சொல்லவில்லை.

முனியாண்டி சித்தப்பா: அனைவருக்கும் வணக்கம். 31 வருடம் லாரி ஓட்டியவன் சொல்கிறேன். வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994இல் முழுதாகத் திறந்தபோது நம் பக்கம் போக இரண்டு தடம், வர இரண்டு தடம். மேட்டில் ஒரு லாரி இன்னொன்றை முந்தப் பார்த்தால் இரண்டும் அடைத்துக்கொள்ளும். அதனால்தான் யோங் பெங் - செனாய் பகுதியை 6 தடமாக்குகிறார்கள். முடிந்தால் நல்லது. வேலை நடக்கும் இடத்தில் அவசரத் தடத்தைத் தடுப்புச்சுவர் விழுங்கிவிடுகிறது. ஒரு டயர் வெடித்தால் ஒதுங்க இடமில்லை. அன்றைக்கு நடந்தது அதுதான். குமரன் மேல் தப்பில்லை.

குமரன்: 🙏

செல்வா: சித்தப்பா, எத்தனை மணி?

முனியாண்டி சித்தப்பா: அதற்குத்தான் வருகிறேன்.

செல்வா: நான் மோட்டார் சைக்கிளில் வருகிறேன். டோலும் கிடையாது.

லட்சுமி சித்தி: வேண்டவே வேண்டாம்.

முனியாண்டி சித்தப்பா: கிள்ளான் போகும் கூட்டரசு நெடுஞ்சாலையில் 1970களிலேயே மோட்டார் சைக்கிளுக்குத் தனிப் பாதை போட்டார்கள். இங்கே உங்களுக்கு அவசரத் தடம்தான் பாதை, அதுவும் இப்போது இல்லை. நாட்டில் சாலையில் சாகிறவர்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள்.

பாட்டி: 🎤 0:47

செல்வா: சேவல் சத்தம்தான் கேட்கிறது பாட்டி.

குமரன்: ஆட்டிறைச்சி உண்டா என்று கேட்கிறார்.

கமலா அக்கா: படையலுக்கு நெத்திலிக் கருவாடு உண்டு. ஆடு, பெரியண்ணன் பணம் அனுப்பினால்.

பெரியண்ணன்: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

முனியாண்டி சித்தப்பா: பழைய சாலையில் போவோம். சமிக்ஞை விளக்கு அதிகம், ஆனால் மாட்டிக்கொண்டால் எங்கேயாவது திரும்பிக்கொள்ளலாம். 7 மணி.

குமரன்: 7.30. நெடுஞ்சாலை.

கமலா அக்கா: யாராவது ஒரு நேரம் சொல்லுங்கள்.

லட்சுமி சித்தி: நான் சனிக்கிழமையே பஸ்ஸில் வந்துவிடுகிறேன். மாலையை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

கமலா அக்கா: வாருங்கள் சித்தி. அப்பா அறையில் பாய் போட்டு வைக்கிறேன்.

முனியாண்டி சித்தப்பா: சனிக்கிழமை இரவு எனக்குச் சாப்பாடு?