மிதக்கும் ஐ.பி. முகவரி: சிலருக்குக் கிடைக்கிறது, சிலருக்கு அறுகிறது – அவசர உதவி

நள்ளிரவுக்காவல்: இரண்டு சர்வர்களுக்கும் பொதுவாக ஒரு மிதக்கும் ஐ.பி. முகவரி (ஒரு சர்வர் விழுந்தால் மற்றதற்கு நகரும் முகவரி) வைத்திருக்கிறோம். இன்று காலையிலிருந்து சிலருக்கு இணைப்பு கிடைக்கிறது, சிலருக்குப் பாதியில் அறுந்துவிடுகிறது. முதல் சர்வர் நன்றாகத்தான் ஓடுகிறது. யாராவது உடனே வழி சொல்லுங்கள்.

கம்பிமுனை: முகவரியை நகர்த்தும் மென்பொருள் எது, கீப்அலைவ்டா, பேஸ்மேக்கரா? சொந்த இயந்திரங்களா, கிளவுடா? சர்வர்கள் ஒன்றையொன்று அறிய அனுப்பும் மல்டிகாஸ்ட் (ஒரு குழுவுக்கே போகும் பாக்கெட்) கிளவுடில் பெரும்பாலும் போகாது.

அலைவரிசை: பழைய ஏ.ஆர்.பி. பதிவுதான் (எந்த ஐ.பி. எந்த மேக் முகவரியில், அதாவது எந்த நெட்வொர்க் கார்டில், என்ற குறிப்பு) காரணம். முகவரி இடம் மாறியதை ரவுட்டர் கவனிக்காவிட்டால் பழைய மேக் முகவரிக்கே பாக்கெட்டுகளை அனுப்பிக்கொண்டிருக்கும். ரவுட்டரில் அந்தப் பதிவை அழித்துப் பாருங்கள்.

பெருங்கணு: அமைப்புக் கோப்பு இல்லை, லாக் இல்லை, எந்த மென்பொருள் என்றுகூடச் சொல்லவில்லை. கேள்வி கேட்பதற்கு முன் இவற்றைத் தர வேண்டும் என்று புதியவர்களுக்கு எத்தனை முறை சொல்வது?

நள்ளிரவுக்காவல்: கீப்அலைவ்டு. சொந்த இயந்திரங்கள். முகவரிகளைக் காட்டும் இஃப்கான்ஃபிக் கட்டளையைப் போட்டுப் பார்த்தேன். மிதக்கும் முகவரி இரண்டிலுமே தெரியவில்லை!

கம்பிமுனை: கீப்அலைவ்டு லேபிள் (தனிப் பெயர்) இல்லாமல் சேர்க்கும் முகவரியை இஃப்கான்ஃபிக் காட்டாது. ‘ஐபி அட்ரஸ் ஷோ’ கட்டளையை இரண்டிலும் ஓட்டுங்கள். இரண்டிலும் முகவரி இருந்தால், இரண்டுமே தலைமை ஏற்றுவிட்டன என்று பொருள். வி.ஆர்.ஆர்.பி. அறிவிப்பு (தலைமைச் சர்வர் ‘நான் இருக்கிறேன்’ என்று மற்றதற்குச் சொல்வது) இயல்பாக 1 விநாடிக்கு ஒருமுறை வரும். 3 விநாடிக்குச் சற்று மேல் வராமல் போனால், துணைச் சர்வர் முகவரியைத் தானே எடுத்துக்கொள்ளும்.

நள்ளிரவுக்காவல்: இரண்டிலும் இருக்கிறது.

பெருங்கணு: சுவிட்ச் மல்டிகாஸ்டை வடிகட்டுகிறது. ஐ.ஜி.எம்.பி. ஸ்னூப்பிங்கை (மல்டிகாஸ்டைக் கேட்ட போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும் வசதி) நிறுத்துங்கள்.

கம்பிமுனை: அவசரப்பட வேண்டாம். வி.ஆர்.ஆர்.பி. போவது 224.0.0.18 என்ற மல்டிகாஸ்ட் முகவரிக்கு. 224.0.0 தொகுதியை ஸ்னூப்பிங் உள்ள சுவிட்சும் எல்லாப் போர்ட்டுக்கும் அனுப்ப வேண்டும் என்கிறது ஆர்.எஃப்.சி. 4541 என்ற இணைய நெறி ஆவணம். இரண்டாவது சர்வரில் டிசிபிடம்ப் (வந்துபோகும் பாக்கெட்டுகளைக் காட்டும் கருவி) ஓட்டி, வி.ஆர்.ஆர்.பி.-க்கு உரிய 112 என்ற புரோட்டோகால் எண்ணை மட்டும் கவனியுங்கள். முதல் சர்வரின் அறிவிப்பு அங்கே தெரிந்தால் சுவிட்சின் மேல் குற்றமில்லை, ஃபயர்வாலைப் பாருங்கள். டிசிபிடம்ப் பாக்கெட்டை ஃபயர்வாலுக்கு முன்பே பார்த்துவிடும். அதில் தெரிவதாலேயே கீப்அலைவ்டுக்கும் கிடைக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள்.

பெருங்கணு: பின்னால் டேட்டாபேஸ் இருந்தால் கீப்அலைவ்டை நம்புவதே தவறு. பேஸ்மேக்கரும், பழுதான நோடை (சர்வரை) அணைத்துவிடும் ஸ்டோனித்தும் வேண்டும். செத்ததாகக் கருதிய நோடின் மின்சாரத்தைத் துண்டித்த பிறகே மற்றது முகவரியைத் தொட வேண்டும்.

அலைவரிசை: டேட்டாபேஸ் என்று அவர் எங்கே சொன்னார்? வெறும் ப்ராக்ஸி (கோரிக்கைகளை வேறு சர்வருக்குக் கடத்துவது) என்றால் முகவரி இரண்டிடமும் இருந்தாலும் தரவு கெடாது. இரண்டே நோடுகளுக்குப் பேஸ்மேக்கர் வைத்தால் குவோரம் (பெரும்பான்மை நோடுகள் சேர்ந்திருக்க வேண்டும் என்ற விதி) சிக்கல் வேறு.

பெருங்கணு: அதற்கென்றே பேஸ்மேக்கரோடு ஓடும் கோரோசிங்கில் ‘டூ நோடு’ (இரண்டே நோடுகளுக்கான) அமைப்பு இருக்கிறது. படித்துவிட்டு வாருங்கள்.

அலைவரிசை: படித்திருக்கிறேன். ஸ்டோனித் இல்லாமல் அதை இயக்கினால் இதே இரட்டைத் தலைமைதான் வரும். மின்சாரத்தைத் துண்டிக்கும் வசதி எல்லா இடத்திலும் இருப்பதில்லை.

பெருங்கணு: வசதி இல்லாத இடத்தில் டேட்டாபேஸ் கிளஸ்டர் அமைக்கக் கூடாது.

நள்ளிரவுக்காவல்: டிசிபிடம்பில் அறிவிப்பு தெரிந்தது. இரண்டாவது சர்வரின் ஃபயர்வாலில் 112-ஐ அனுமதித்தேன். முகவரி இப்போது முதல் சர்வரில் மட்டும் இருக்கிறது. நன்றி.

கம்பிமுனை: நல்லது. முதல் சர்வரிலும் அதே விதி இருக்கிறதா? ரீபூட் செய்தாலும் நிற்கும்படி சேமித்தீர்களா?

பெருங்கணு: டேட்டாபேஸா, ப்ராக்ஸியா? அதை இன்னும் சொல்லவில்லை. டேட்டாபேஸ் என்றால், இரண்டும் தலைமையில் இருந்த நேரத்தில் எழுதப்பட்டவற்றை இப்போதே ஒப்பிட்டுப் பாருங்கள்.