'டீம்ட் அண்டர்டேக்கிங்': தமிழில் என்ன போடலாம்?

அன்புடையீர்,
கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்துச் சிவில் நடைமுறை விதி 30.1-ஐத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். வழக்குக்காக எதிர்த்தரப்பு கட்டாயத்தின் பேரில் காட்டிய கடிதம், கணக்கு, விசாரணைக்கு முந்திய கேள்வி-பதில் எதையும் வேறு வழக்கில் கொண்டுபோய் நீட்டக்கூடாது. சட்டத்தின் கண்ணில், வாங்கிப் பார்த்தவர் அப்படி வாக்குக் கொடுத்ததாகவே கணக்கு; இதுதான் 'டீம்ட் அண்டர்டேக்கிங்'. 'கருதப்படும் உறுதிமொழி' என்று போட்டேன். வாசித்த மச்சாள், "நான் எப்ப உறுதிமொழி குடுத்தனான்?" என்று கேட்டுவிட்டா.
சி., ஸ்காபரோ

தம்பி,
'டீம்ட்' பல்கலைக்கழகத்தை நிகர்நிலை என்கிறோம். அதற்காக 'நிகர்நிலை உறுதிமொழி' என்றால் பட்டம் கொடுக்கும் போலிருக்கிறது! என் ஓட்டு 'உள்ளுறை உறுதி'. சொல்லாமலே உள்ளே உறைவது. செய்யுளில் நேரே சொல்லாமல் உணர்த்தும் உவமைக்கும் உள்ளுறை என்றுதானே பெயர்? தொல்காப்பியம் தெய்வம் நீங்கிய கருப்பொருளை, அதாவது அந்தந்த நிலத்து மரம், விலங்கு, பறவை போன்றவற்றை, அடித்தளமாகக் கொண்டல்லவா அதை அமைக்கிறது? இறைச்சி என்கிற இன்னொரு குறிப்புப்பொருளோ அதற்கும் புறத்தே...
பே., மதுரை

ஐயா, இறைச்சி என்றால் இங்கே கடைக்குத்தான் போவார்கள்.

சட்டப்படியும் ஒரு சிக்கல். 'உள்ளுறை' பிரிட்டிஷ் கொலம்பியாவுக்குப் பொருந்தும். அந்த மாகாணத்தில் இது எழுதாத, தீர்ப்புகள் வழியே வந்த பொதுச்சட்டக் கடமை. 2008-இல் ஜூமன் எதிர் டூசெட் வழக்கில் கனடிய உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. குழந்தை பராமரிப்பாளர் ஒருவர் சிவில் வழக்கில் சொன்ன பதில்களைப் பொலிஸிடம் அப்படியே தூக்கிக்கொடுக்க முடியாது. பொலிஸ் வேண்டுமானால் தேடுதல் ஆணை வாங்கித் தேடலாம். ஒன்ராறியோவில் விதியே எழுதிவைத்திருக்கிறது. உள்ளே உறைய என்ன இருக்கிறது?
வ., வன்கூவர்

'பிறவழக்குப் பயன்பாட்டுத் தடை' சரிவருமா?
சி.

வராது. தடை என்றதும் சனம் தடையுத்தரவு என்று நினைக்கும். நீதிமன்றத்தில் தாக்கல் செய்துவிட்டால் இந்தக் கட்டு அவிழ்ந்துவிடும். கொடுத்தவர் சம்மதித்தாலும், நீதிபதி அனுமதித்தாலும் அப்படித்தான். இன்னொரு வழக்கில் சாட்சி மாற்றிச் சொன்னால் மடக்கவும் எடுக்கலாம். 'கட்டுப்பாடு' போடுங்கள்.
வ.

தமிழ்நாட்டிலிருந்து ஒரு குரல்: 'உறுதிமொழி' கண்டிப்பாக வேண்டாம். இங்கே உறுதிமொழிப் பத்திரம் என்றால் அபிடவிட், அதாவது சத்தியம் செய்து எழுதிக்கொடுக்கும் வாக்குமூலம். யாழ்ப்பாணத்தில் அதுவே சத்தியக்கடதாசி.
த., கோவை

சரி, 'பிறவழக்குப் பயன்பாட்டுக் கட்டுப்பாடு' என்றே அனுப்புகிறேன். மச்சாளுக்கு விளங்கிவிட்டது. நீளம்தான், என்ன செய்வது.
சி.

அனுப்புங்கள். ஆனால் கட்டுப்பாடு என்றதும் எனக்குக் குடும்பக் கட்டுப்பாடுதான் ஞாபகம் வருகிறது. உள்ளுறையை நான் விடப்போவதில்லை. இறைச்சி பற்றித் தனிமடல் போடுகிறேன்.
பே.