மறு: லெஸ்பெடீசாவுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

இழையை முதலிலிருந்து படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். லெஸ்பெடீசா என்ற தீவனச் செடிக்குத் தமிழ்ப் பெயராக, லெஸ்பெடீசா என்றே விட்டுவிடுவது, ஜப்பான் மூவிலை, மண்வளக் கிளோவர் (கிளோவர் என்பது மூன்று சிற்றிலை கொண்ட ஒரு தீவனச் செடி) என்று மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. மூன்றுமே எனக்கு ஒப்பவில்லை.

லெஸ்பெடீசா என்ற பெயரே ஓர் அச்சுப்பிழையில் பிறந்தது. பிரெஞ்சுத் தாவரவியலார் ஆந்த்ரே மிஷோ வட அமெரிக்காவில் செடிகள் சேகரித்தார். அப்போது கிழக்கு புளோரிடாவின் ஸ்பானிய ஆளுநராக இருந்தவர் விசென்டே மானுவேல் தே செஸ்பெடெஸ். அவரைச் சிறப்பிக்க வைத்த பெயர், 1803இல் மிஷோவின் நூல் அச்சேறியபோது முதலெழுத்து மாறி லெஸ்பெடீசா ஆகிவிட்டது. நூல் வெளிவந்தபோது மிஷோ உயிரோடு இல்லை. அறிவியல் பெயர் அப்படியே நிலைத்துவிட்டது, அதில் நாம் கை வைக்க வேண்டாம். ஆனால் ஆடு வளர்ப்பவர் வாயில் புழங்க வேண்டிய பெயருக்கும் அதையே வைத்தால் அவருக்கு அதிலிருந்து என்ன தெரியும்?

ஜப்பான் மூவிலையில் வேறு சிக்கல். அமெரிக்கத் தென்மாநிலங்களில் ஜப்பான் கிளோவர் என்று சொல்வது ஒரு பருவத்தோடு முடிந்துவிடும் சிறு செடியை. தாவரவியலார் அதை இப்போது கும்மெரோவியா என்ற தனிப் பேரினத்தில் வைக்கிறார்கள். நாம் பேசுவது பல ஆண்டு நிற்கும், இடுப்புயரம் வளரும் லெஸ்பெடீசா கியூனியேட்டாவை. மூன்று சிற்றிலை இரண்டிலும் உண்டு, அவ்வளவுதான் ஒற்றுமை. சிறு செடியை அடையாளம் காண எளிய வழி இருக்கிறது: சிற்றிலையின் நுனியைப் பிடித்து மெல்ல இழுத்தால் நேராகக் கிழியாது. பக்க நரம்புகளின் வழியே, அம்பு முனை போலக் கூராகப் பிரிந்து வரும். நரம்புகள் அத்தனை நெருக்கமாக, கோடு கோடாக ஓடுகின்றன. அதற்கு வரி மசால் என்று தனியாகப் பெயர் வைக்கலாம் என்பது என் எண்ணம்; மசால் ஏன் என்று கீழே சொல்கிறேன்.

மண்வளக் கிளோவரைத்தான் நான் அழுத்தமாக மறுக்கிறேன். கியூனியேட்டா கிழக்காசியச் செடி. 1896இல் வட கரோலினாவில் சோதனைக்காக விதைத்தார்கள். அப்புறம் மண் அரித்த சரிவுகளிலும் தோண்டிப் போட்ட சுரங்க நிலங்களிலும் பரவலாக நட்டார்கள். புளிப்பேறிய, சத்தற்ற மண்ணிலும் வேர்முடிச்சு வைத்து வளர்ந்தது, மண்ணைப் பிடித்தும் வைத்தது. ஆனால் அதே செடி கன்சாஸ் மாநிலத்தின் புல்வெளிகளில் புகுந்து உள்ளூர்ப் புற்களை நெருக்கித் தள்ளியதால், 2000இல் அங்கே அதைக் கட்டுப்படுத்த வேண்டிய களை என்று அறிவித்துவிட்டார்கள். ஓரிடத்தில் உரம், இன்னோரிடத்தில் களை. பெயரிலேயே நற்சான்றிதழ் ஒட்டிவிட்டால் படிப்பவர் ஏமாறுவார்.

சரி, என் பரிந்துரை: துவர் மசால்.

மசால் நாம் புதிதாகத் தேட வேண்டிய சொல் அல்ல. குதிரை மசால், வேலி மசால், முயல் மசால் என்று தீவனப் பயறுவகைகளுக்கு நம்மிடம் ஒரு குடும்பமே இருக்கிறது. மூன்றும் தாவரவியலில் வெவ்வேறு பேரினங்கள். ஆனாலும் அறுத்துப் போடுபவருக்கு எல்லாம் மசால்தான். இது நான்காவது. மசால் என்று காதில் விழுந்ததுமே இது புல் இல்லை, புரதம் உள்ள பயறுவகைத் தீவனம் என்று பண்ணைக்காரருக்குப் புரிந்துவிடும். கிளோவர் என்றால் புரியாது.

துவர் ஏன்? ஆடு வளர்ப்போருக்கான ஒரு குறிப்பை மொழிபெயர்க்கும்போதுதான் இந்தச் சொல் எனக்குத் தட்டுப்பட்டது. இந்தச் செடியின் கதை முழுக்க டானின், அதாவது துவர்ப்புப் பொருள். முற்றிய செடியை மாடுகள் ஒதுக்குவது அதனால்தான். அறுத்து வெயிலில் உலர்த்தினால் துவர்ப்பு குறைந்து, விருப்பமாகத் தின்கின்றன. அதே துவர்ப்புதான் ஆட்டின் நான்காம் இரைப்பையில் இரத்தம் உறிஞ்சும் புழுக்களையும் அடக்குகிறது. மருந்துக்கு மசியாத புழுக்கள் பெருகிவிட்ட இந்தக் காலத்தில் இந்தச் செடி மீண்டும் கவனம் பெறுவதும் அதற்காகவே. வாழைப்பூ ஆய்ந்த விரல் கறுப்பதையும், இளம் பாக்கைக் கடித்தால் நாக்கு இழுப்பதையும் அறிந்தவருக்குத் துவர் என்ற ஒரு சொல் போதும். வரி மசாலில் இந்த அளவுக்குத் துவர்ப்பு கிடையாது. ஆகவே இரண்டும் குழம்பவும் வழியில்லை.

ஒரு தடை எனக்கே தோன்றியது: பேச்சில் இது துவரை மசால் என்று திரிந்து, துவரம்பருப்போடு உறவு கற்பித்துவிடாதா? திரியலாம். அதற்காகத் துவர்ப்பு மசால் என்று நீட்டிப் பார்த்தேன். பொருள் தெளிவாகிறது, ஓசை கனக்கிறது. குதிரை, வேலி, முயல் எல்லாம் இரண்டு மூன்று எழுத்தில் நிற்கும் சொற்கள், அவற்றின் பக்கத்தில் துவர் என்பதே பொருந்துகிறது. துவர்ப்பு மசால்தான் வேண்டும் என்று பெரும்பான்மையோர் கருதினால் மறுக்க மாட்டேன். மசாலை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஜப்பானியர் இந்தப் பேரினத்துச் செடிகளை ஹாகி என்கிறார்கள். அவர்கள் மரபில் இலையுதிர்காலத்தின் ஏழு பூக்களில் ஒன்று. அதை எழுதும் எழுத்தே செடியையும் இலையுதிர்காலத்தையும் சேர்த்து அமைத்தது. தங்கள் கண்ணில் பட்ட பருவத்தை வைத்து அவர்கள் பெயரிட்டிருக்கிறார்கள். நாம் நம் நாக்கு அறிந்த துவர்ப்பை வைத்துப் பெயரிடலாம்.

வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: “துவர் மசாலைப் பூக்கும் முன் அறுத்து, உலர்த்தி, ஆடுகளுக்குப் போடவும்.” எங்கே இடறுகிறது என்று சொல்லுங்கள்.