கடைப் பெயரில் தேடல் சொல் சேர்ப்பது: இது எப்போது நிற்கும்?

வரைபடப்புலி:
"கூகுள் மேப்பில் கடைப் பெயருக்குப் பின்னால் நாலு தேடல் சொல்லைச் சேருங்கள், ஒரே வாரத்தில் முதலிடம்" என்று பக்கத்து இழையில் ஒருவர் அடித்து விட்டிருக்கிறார். கீழே வரிசையாக நன்றி வேறு. பெயர்ப்பலகையில் என்ன இருக்கிறதோ அதைத்தான் கூகுளில் கடைக்கென இருக்கும் ப்ரொஃபைலிலும் எழுத வேண்டும் என்பது கூகுளின் விதி. மீறினால் ப்ரொஃபைலையே முடக்கலாம். இதைச் சொல்ல ஆள் இல்லையா இங்கே?

பம்பரம்:
அந்த ஒருவர் நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். பெயரில் சேர்த்தேன், மேலே வந்தது. அவ்வளவுதான் விஷயம்.

வரைபடப்புலி:
தேடலோடு உள்ள தொடர்பு, தேடுபவரிடமிருந்து தூரம், கடையின் பிரபலம். உள்ளூர்த் தேடலுக்கு இந்த மூன்றும்தான் அடிப்படை என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. 2021 கடைசியில் வந்த மாற்றத்தில் தூரத்துக்கு மதிப்புக் கூடி, பெயரில் திணித்த சொல்லுக்குப் பலம் குறைந்ததைப் பலரும் பார்த்தார்கள். நீங்கள் அதற்கு முந்தைய வித்தையை இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறீர்கள்.

பம்பரம்:
"குறைந்தது" என்கிறீர்கள். "போய்விட்டது" என்று சொல்ல வாய் வரவில்லை பாருங்கள்!

கடைக்காரி:
முதலிடம் முதலிடம் என்கிறீர்களே, எங்கே நின்று தேடினால் முதலிடம்? கடை வாசலில் நின்று தேடினால் என் கடையும் முதலில்தான் வருகிறது.

பம்பரம்:
பெயரில் சேர்த்தேன், மேலே வந்தது.

கடைக்காரி:
சரி, கேட்டது என் தப்பு. என் போட்டியாளரும் இதே வேலையைச் செய்தார். மேப்பில் இருக்கும் "திருத்தத்தைப் பரிந்துரை" வழியாகப் புகார் கொடுத்தேன், ஒட்டுச் சொல்லெல்லாம் போய் வெறும் பெயர் நின்றது. அப்புறம் மறுபடி ஒட்டினார், மறுபடி கொடுத்தேன்.

பம்பரம்:
ஓ, அந்த ரகமா நீங்கள்! போன மாதம் என் ப்ரொஃபைலில் யாரோ பெயரை மாற்றி விட்டிருந்தார்கள். இப்போது புரிகிறது.

கடைக்காரி:
உங்கள் கடை எதுவென்றே எனக்குத் தெரியாது. இருந்தாலும் மாற்றியவர் யாரோ, அவருக்கு என் வாழ்த்துகள்.

புதுசு_நான்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். படங்களுக்குள் இடக்குறியீடு (எந்த இடத்துப் படம் என்ற தகவல்) பதித்து ஏற்றினால் மேலே வரும் என்கிறார்களே?

வரைபடப்புலி:
அது இன்னொரு கட்டுக்கதை. படத்தோடு ஒட்டியிருக்கும் அந்தத் தகவல் தரவரிசையை உயர்த்துகிறது என்பதற்கு உருப்படியான ஆதாரம் கிடையாது. நல்ல படம் போடுங்கள், வருபவர் பார்ப்பார். முதலில் ப்ரொஃபைலில் முதன்மை வகையை, அதாவது என்ன மாதிரிக் கடை என்பதை, சரியாகத் தேர்ந்தெடுங்கள். அது ஒன்றுதான், கூடுதலாக ஒன்பது வரை வைக்கலாம். முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். பொத்தாம்பொதுவாக ஒரு வகையைப் போட்டுவிட்டு, குறிப்பிட்ட சேவையைத் தேடினால் வரவில்லையே என்று இங்கே வந்து அழுவார்கள். வேலை நேரத்தைச் சரியாகப் போடுங்கள், பூட்டியிருக்கும் நேரத்தில் கடை கீழே இறங்க வாய்ப்புண்டு. காசு கொடுத்து விமர்சனம் வாங்காதீர்கள். திருப்தியானவர்களிடம் மட்டும் பொறுக்கிக் கேட்பதும் விதிமீறல்தான். கடையைப் பற்றி எழுதும் 750 எழுத்து விவரணையில் சொல் திணித்து நேரத்தை வீணாக்காதீர்கள். பெயரில் திணிப்பதைப் பற்றி ஏற்கெனவே சொல்லிவிட்டேன், திரும்பவும் சொல்கிறேன்: வேண்டாம்.

பம்பரம்:
பாடம் முடிந்ததா வாத்தியாரே? இத்தனையும் தெரிந்தவர் ஆலோசனைக்குக் கட்டணம் வாங்குபவர்தானே. எல்லாரும் பெயரை மாற்றி மேலே வந்துவிட்டால் உங்கள் பிழைப்பு என்ன ஆவது?

வரைபடப்புலி:
கட்டணம் வாங்குகிறேன். முடக்கப்பட்ட ப்ரொஃபைலை மீட்கத்தான் பாதிப் பேர் வருகிறார்கள். உங்களுக்கும் ஒரு நாள் தேவைப்படும், தள்ளுபடி கிடையாது.

பம்பரம்:
பலகையில் இருப்பதுதான் பெயர் என்றால் பலகையையே மாற்றிவிடுகிறேன். முடிந்தது கதை.

வரைபடப்புலி:
பலகை மட்டும் போதாது. இணையதளம், ரசீது எல்லாவற்றிலும் அதே பெயர் இருக்க வேண்டும். ஊருக்கெல்லாம் தெரிந்த பெயராகவே அது மாறினால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

பம்பரம்:
ஆக, பெயரில் சேர்த்தால் மேலே வரும் என்று ஒப்புக்கொள்கிறீர்கள்.

வரைபடப்புலி:
எந்த வரியில் ஒப்புக்கொண்டேன்? எடுத்துக் காட்டுங்கள்.

கடைக்காரி:
இன்னும் யாரும் எங்கே நின்று தேடினால் என்று சொல்லவில்லை.

பம்பரம்:
பெயரில் சேர்த்தேன், மேலே வந்தது. படம் பிடித்து வைத்திருக்கிறேன், மாலையில் போடுகிறேன்.

வரைபடப்புலி:
உங்கள் கணக்கில் நுழைந்தபடி, உங்கள் கடைக்குள்ளிருந்தே தேடிய படம்தானே? போடுங்கள், பார்க்கலாம்.