மூளை அறுவைப் பயிற்சிக்கு மாதிரிகள் எந்த அளவுக்கு உதவும்?

கேள்வி:
நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையில் முதலாண்டுப் பயிற்சி மருத்துவராக இருக்கிறேன். மண்டையோட்டில் துளையிடும்போது எலும்பு முடிந்து மூளையுறை தொடங்கும் கணத்தைக் கையால் உணர்வதற்கு, முப்பரிமாண அச்சு மாதிரிகள் உண்மையிலேயே பழக்குமா? மூத்தவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

மறுமொழி 1:
பழக்கும், ஆனால் அது மாதிரி செய்யப்பட்ட பொருளைப் பொறுத்தது. சி.டி. படங்களிலிருந்து அச்சிடப்படும் மண்டையோடு வடிவத்தில் துல்லியமாக இருந்தாலும், சாதாரண பிளாஸ்டிக் துளைக்கருவியின் சூட்டில் உருகி ஒட்டிக்கொள்ளும்; எலும்போ தூளாக உதிரும். வெளித்தகடு, இடையிலுள்ள நுண்துளை எலும்பு, உள்தகடு ஆகிய மூன்றும் வெவ்வேறு அடர்த்தியில் அமைந்த மாதிரியில்தான் நீங்கள் கேட்கும் உணர்வு ஓரளவுக்குக் கிடைக்கும்.

மறுமொழி 2:
மூளையினுள் உள்ள நீரறைக்குள் வடிகுழாய் செலுத்துவதையும் மாதிரியில் பழகுங்கள். மூக்கின் வேரிலிருந்து ஏறத்தாழ 11 செ.மீ. பின்னாலும் நடுக்கோட்டிலிருந்து 3 செ.மீ. விலகியும் உள்ள கோச்சர் புள்ளி வழியாகச் சென்று, மூளைக்கு ஈடாக வைத்த அகரோஸ் (கடற்பாசியிலிருந்து எடுக்கும் பொருள்) கூழுக்குள் பதித்த நீரறையை எட்டினால் நீர் சொட்டும், தவறினால் சொட்டாது. பலமுறை தவறவிட்டும் யாருக்கும் தீங்கில்லை என்பது பயிற்சிக் காலத்தில் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

மறுமொழி 3:
மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். எனினும், இத்தகைய எளிய மாதிரிகளில் குருதி பெருகுவதில்லை, மூளை துடிப்பதுமில்லை. நுண்ணோக்கியின் கீழ் தலைமயிரைவிட மெல்லிய 10-0 நூலால் தையலிட, சிலிக்கோன் குழாயைவிடக் கோழிச் சிறகின் தமனியே எனக்கு நன்கு கைகொடுத்தது. குருதிப்பெருக்கை அடக்குவதை மட்டும் அறுவை அரங்கில், மூத்தவரின் அருகில் நின்றுதான் கற்றேன்.