'ஹோல் நைன் யார்ட்ஸ்' என்றால் துணிக்கணக்கா?

பனியன்காரன், திருப்பூர்:
ஏனுங்க, விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அமெரிக்க பையர் ஒருவர், சாம்பிள் முதல் பேக்கிங் வரை 'தி ஹோல் நைன் யார்ட்ஸ்' நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று மெயில் போட்டிருக்கிறார். எல்லாமும் என்று அர்த்தம், அது புரிகிறது. ஆனால் ஏன் ஒன்பது கஜம்? மடிசார் சேலையிலிருந்துதான் போனது என்று எங்கள் கட்டிங் மாஸ்டர் அடித்துச் சொல்கிறார். பதிலில் நானும் கெத்தாக 'லாக், ஸ்டாக் அண்ட் பேரல்' என்று போட்டுவிடலாமா?

சென்னிமலைத் தறி:
சேலைக் கதைக்கு ஆதாரம் கிடையாதுங்க. இரண்டாம் உலகப் போர்க் கதை ஒன்றும் சுற்றுகிறது, போர் விமானத் துப்பாக்கியின் தோட்டாப் பட்டை 27 அடி, அதாவது ஒன்பது கஜம், அதை முழுக்கச் சுட்டுத் தீர்ப்பதுதான் இது என்பார்கள். ஆனால் 1907லேயே இண்டியானா மாநிலத்தில் ஒரு சின்ன ஊர்ப் பத்திரிகை பேஸ்பால் ஆட்டம் பற்றி எழுதும்போது 'ஃபுல் நைன் யார்ட்ஸ்' என்று போட்டிருக்கிறது, அப்புறம் எங்கே போர் விமானம்? 1912ல் கென்டக்கி பத்திரிகை ஒன்றில் 'ஹோல் சிக்ஸ் யார்ட்ஸ்' என்றே வருகிறது. எண்ணே நிலையாக இல்லாதபோது எதை அளந்தார்கள் என்று தேடுவது வெட்டி வேலை.

பனியன்காரன், திருப்பூர்:
ஆறு கஜமா! மாஸ்டரிடம் சொன்னால் அப்போ சாதாரணச் சேலை என்பார், விடமாட்டார்.

கோபி டீச்சர்:
தம்பி, லாக், ஸ்டாக், பேரல் மூன்றும் பழைய துப்பாக்கியின் பாகங்கள்: சுடும் விசை, மரக்கட்டை, குழல். காடுகரை, ஆடுமாடு, தோட்டந்துரவு முச்சூடும் விற்றுவிட்டுக் கோயமுத்தூர் போய்விட்டான் என்கிறோமே, அந்த இடத்துக்குத்தான் அது பொருந்தும். நீங்கள் எழுதினால் கம்பெனியையே கைமாற்றுகிற மாதிரி இருக்கும். 'ஹூக், லைன் அண்ட் சிங்கர்' பக்கமும் போய்விடாதீர்கள், தூண்டில் முள், நரம்பு, ஈயக்குண்டு எல்லாவற்றையும் மீன் விழுங்குவது அது, பொய்யை அப்படியே நம்பியவனுக்குத்தான் சொல்வார்கள். பேசாமல் 'எவ்ரிதிங்' என்று எழுதுங்கள்.

ஈரோட்டு மஞ்சள்:
டீச்சர் சொன்னதே சரி. நம் ஆபீஸ்களில் சகட்டுமேனிக்கு விடும் 'பேக் அண்ட் பேக்கேஜ்' கூட ஆள் மூட்டைமுடிச்சோடு கிளம்புவதற்குத்தான், சரக்குக்கு இல்லை. அதெல்லாம் இருக்கட்டும், அந்த ஒன்பது கஜத்துக்குள் லேப் டெஸ்ட் செலவும் தூத்துக்குடி வரை வண்டி வாடகையும் சேருமா? அதை முதலில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். எல்லாம் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிற பையர் பில் வரும்போது வேறு எல்லாம் சொல்வார்.

பனியன்காரன், திருப்பூர்:
நன்றிங்க. ஒவ்வொரு வேலையையும் தனித்தனியாகப் போட்டு, எது யார் செலவு என்று கேட்டு மெயில் அனுப்பியாச்சு. மாஸ்டர் மட்டும் இன்னும் மடிசாரிலேயே நிற்கிறார்.