ஓய்வெடுத்தும் தீராத முழங்கால் வலி: எனது 14 மாத அனுபவம்

முழங்காலில் எங்கே வலிக்கிறது என்று கேட்டால் சிலர் உள்ளங்கையை முழங்கால் முழுவதும் வைத்துத் தடவிக் காட்டுவார்கள். சிலர் ஒற்றை விரலால் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டுவார்கள். நான் இரண்டாம் வகை. முழங்கால் சில்லின் கீழ்முனையில், சுட்டுவிரல் நுனியால் மறைத்துவிடக்கூடிய இடத்தில்தான் எனக்கு வலித்தது. சில்லையும் கீழ்க்கால் எலும்பையும் இணைக்கும் தசைநாண் தொடங்கும் இடம் அது.

அப்போது எனக்கு வயது 34. வாரத்தில் 3 நாட்கள் வாலிபால் ஆடிவந்தவன், ஒரு போட்டியை முன்னிட்டு அதை 5 நாட்களாக உயர்த்தினேன். அந்த மாதத்திலேயே வலி தொடங்கியது. ஆட்டத்தின் தொடக்கத்தில் வலிக்கும், உடல் சூடேறியதும் காணாமல் போகும், மறுநாள் காலை படியிறங்கும்போது முதல் படியிலேயே கைப்பிடியைப் பற்றவைக்கும். சும்மா உட்கார்ந்திருந்தால் பெரும்பாலும் வலியே இருக்காது. ஆகவே, பெரிதாக ஒன்றுமில்லை என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

பார்த்தவர்கள் அனைவரும் "ஜவ்வு தேய்ந்திருக்கும்" என்றார்கள். (முழங்காலில் எது வலித்தாலும் நம்மிடம் அதற்கு ஒரே பெயர்தான்.) முதலில் பார்த்த மருத்துவர் வலி மாத்திரையும் 6 வார ஓய்வும் எழுதிக் கொடுத்தார். ஓய்வில் வலி முற்றிலும் நின்றது. ஆடப் போன இரண்டாம் வாரத்தில் முன்பைவிட மோசமாகத் திரும்பியது. மீண்டும் ஓய்வு, மீண்டும் ஆட்டம், மீண்டும் வலி என்று மூன்று முறை இதே வட்டத்தில் சுற்றினேன். இறுதியில் என்னைப் பார்த்த இயன்முறை மருத்துவர் அளவு நாடாவால் இரு தொடைகளையும் அளந்தபோது, வலிக்கும் பக்கத்துத் தொடை 2 செ.மீ. மெலிந்திருந்தது. ஓய்வு வலியைத்தான் குறைத்ததே தவிர, தசையின் வலுவையும் தசைநாண் தாங்கக்கூடிய பளுவையும் சேர்த்தே குறைத்துவிட்டது என்று அவர் சொன்னபோதுதான் நான் செய்துவந்த தவறு விளங்கியது.

இத்தகைய நாள்பட்ட வலியை அழற்சி என்று மட்டும் எண்ணுவது சரியன்று என்றும் அவர் விளக்கினார். தசைநாண் என்பது பெரும்பாலும் கொலாஜன் என்ற புரத இழைகளால் முறுக்கிய கயிறு போன்றது. அது தேறும் வேகத்தைவிடச் சுமை வேகமாக ஏறினால் இழைகளின் ஒழுங்கு குலைந்து, அந்த இடம் தடித்துப்போகிறது. மாத்திரை வலியை மட்டுப்படுத்தலாம், குலைந்த இழையை அடுக்கித் தராது. நான் பத்திரமாகக் கொண்டுபோயிருந்த ஸ்கேன் படத்தில், ஒருநாளும் வலிக்காத இடது முழங்காலிலும் சிறு மாற்றம் தெரிந்தது. "படத்துக்கு வைத்தியம் பார்க்க வேண்டாம், காலுக்குப் பார்ப்போம்" என்றார்.

குதிப்பதை மட்டும் நிறுத்தச் சொன்னார். நடையையோ உடற்பயிற்சியையோ நிறுத்தச் சொல்லவில்லை. கால் நீட்டும் இயந்திரத்தில் முழங்காலைப் பாதி மடக்கிய நிலையில், கனமான எடையை அசைக்காமல் 45 விநாடிகள் தாங்கிப் பிடிக்க வேண்டும். இரண்டு நிமிட இடைவெளி விட்டு இப்படி 5 முறை. முப்பதாவது விநாடியில் தொடை நடுங்கத் தொடங்கும். கண்கள் கடிகார முள்ளை விட்டு அகலாது. ஆயினும் முடித்து எழும்போது பல நாட்களில் வலி தணிந்திருக்கும். எல்லோருக்கும் அப்படித் தணிவதில்லை என்றும் சொல்லியிருந்தார்.

சில வாரங்களுக்குப் பிறகு, 3 விநாடி ஏற்றி 3 விநாடி இறக்கும் மெதுவான கனப் பயிற்சிகள் வந்தன, அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள். கடும் சுமைக்குப் பிறகு முதல் ஒரு நாள் அல்லது ஒன்றரை நாள் வரை கொலாஜன் உருவாவதைவிடச் சிதைவதே மிகுதி என்பதால் அந்த இடைவெளி தேவைப்படுகிறது. பயிற்சியின்போது பத்துக்கு மூன்று அளவு வலி இருந்தால் தொடரலாம். மறுநாள் காலையில் வழக்கத்தைவிட அதிகமாக இருந்தால் எடையைக் குறைக்க வேண்டும். தினமும் காலை ஒற்றைக் காலில் சற்றே மடங்கி நிமிர்ந்து, ஒரு குறிப்பேட்டில் வலிக்கு ஓர் எண் எழுதுவேன். முதல் மாதம் முழுவதும் 5, 6, 5, 5. மூன்றாம் மாதத்தில்தான் 3 என்று எழுத முடிந்தது.

அந்த மூன்று மாதங்களில் மனம் தளர்ந்ததை மறைக்க விரும்பவில்லை. உடன் ஆடும் நண்பர் அதே இடத்தில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டு ஒரே வாரத்தில் களத்தில் குதித்தபோது, எனக்கு ஏன் இந்தத் தவம் என்று தோன்றியது. சில மாதங்களில் அவருக்கு வலி முன்பைவிட மோசமாகத் திரும்பியது. ஊசி தரும் நிம்மதி குறுகிய காலத்தது, தசைநாணைப் பலவீனப்படுத்தவும் கூடும். இடையில் வேறொரு தொற்றுக்காக எனக்கு சிப்ரோஃப்ளாக்சசின் எழுதப்பட்டபோது, தசைநாண் வலி இருப்பதைச் சொன்னதும் மருந்தை மாற்றிக் கொடுத்தார்கள். அந்த வகை ஆன்டிபயாடிக்குகள் தசைநாண் அறுபடும் அபாயத்தைக் கூட்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008இலேயே கடும் எச்சரிக்கை சேர்த்திருக்கிறது.

என் பயிற்சியை அப்படியே பின்பற்ற வேண்டாம். வளரும் வயதுப் பிள்ளைகளுக்குச் சில்லுக்குக் கீழே எலும்புமேடு வீங்கி வலிப்பது வேறு பிரச்சினை. திடீரென்று "படக்" என்ற உணர்வோடு காலை நீட்டித் தூக்க முடியாமல் போனால், அது அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை.

ஆறாம் மாதம் சிறு குதிப்புகள், ஒன்பதாம் மாதம் பாதி ஆட்டம், பதினான்காம் மாதம் முழு ஆட்டம். கனப் பயிற்சியை இன்றும் வாரம் இருமுறை செய்கிறேன். குறிப்பேட்டில் இன்று காலை எழுதிய எண் 1.